ஜேர்மன் பொலிஸ் வாள்: மினுக்கலாமா, அப்படியே விடலாமா?

08.10.2022, கேள்வி

வணக்கம் அண்ணைமார். வூப்பர்டாலில் எங்கள் பக்கத்து வீட்டு ஐயா இறந்துவிட்டார். பிள்ளைகள் வீட்டை ஒதுக்கும்போது சாமான் தூக்க உதவிக்குப் போனேன். நிலவறையில் கிடந்த ஒரு வாளை "விருப்பமென்றால் கொண்டு போ" என்று தந்தார்கள். நேரான அலகு. கறுப்புக் கைபிடி. விரல்களை மூடுகிற மாதிரி ஒரே ஒரு வளைவுக் காப்பு. கைபிடியில் பொலிஸ் கழுகு இருக்கிறது, ஆனால் அதன் கீழ்ப்பக்கத்தை யாரோ அராவியிருக்கிறார்கள். அலகில் அங்கங்கே கறள். உறையின் நுனியில் தகடு ஒன்றுமில்லை. சரஸ்வதி பூசைக்கே மினுக்கி வைக்க நினைத்தேன், நேரம் கிடைக்கவில்லை. பிராசோ போடவா, சாண்ட்பேப்பர் போடவா? மினுக்கினால் விலை கூடும் என்று மச்சான் சொல்கிறார். படம் போட்டிருக்கிறேன்.

08.10.2022, இரவு

தம்பி, ஒன்றும் போடாதே. பிராசோ வேண்டாம், சாண்ட்பேப்பர் வேண்டாம், புளியும் வேண்டாம். வெறுங்கையால் அலகைத் தொட்டிருந்தால் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, துளி எண்ணெய் தடவி வை. வியர்வை உப்பு ஒரு கிழமையிலேயே விரல் அடையாளத்தை உருக்கில் பதித்துவிடும். இரவு வேலைக்கு வெளிக்கிடுகிறேன். மிச்சம் நாளைக்கு.

09.10.2022, மத்தியானம்

நித்திரை கொண்டு எழும்பியாயிற்று, இனி ஆறுதலாக எழுதலாம்.

அவ்வளவு அவசரமாக மறித்ததற்குக் காரணம், இதே பிழையை நான் செய்தவன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஃப்ளோமார்க்டில், அதாவது பழைய சாமான் சந்தையில், குட்டை வாள் ஒன்று வாங்கினேன். பித்தளைக் கைபிடி, தோல் உறை. கைசர் (ஜேர்மன் பேரரசர்) காலத்துப் பொலிஸ்காரர் இடுப்பில் கட்டியது என்று விற்றவர் சொன்னார். பித்தளை நன்றாகக் கறுத்துக் கிடந்தது. வீட்டில் குத்துவிளக்கு மினுக்குகிற கையோடு அதையும் எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டு உரசினேன். ஈரத்தில் பொன்போல இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் அங்கங்கே ரோஸ் நிறத் திட்டுகள். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள நாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை மேலே விட்டுவிடும். குத்துவிளக்கை வருடத்துக்குப் பத்துத்தரம் மினுக்குகிறோம், அதற்கு அது பரவாயில்லை. நூறு வருடமாக ஒருவரும் தொடாத பித்தளைக்கு அது தோலை உரித்த மாதிரி.

நிறம் போனதைக்கூட விடலாம். காப்பின் அடியில் பொட்டுப் பொட்டாக ஏதோ பதிந்திருந்தது. அழுக்கென்று நினைத்து அந்த இடத்தில்தான் கூட அழுத்தித் தேய்த்தேன். அது முத்திரை. எந்த ஊர்ப் பொலிஸ், எந்தப் பிரிவு, எத்தனையாம் இலக்க ஆயுதம் என்று குத்தி வைப்பார்கள். இப்போது ஒரு புள்ளியும், ஒரு கோட்டின் அரைவாசியும் மிச்சம். விற்றவர் சொன்னது உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நானே அழித்துவிட்டேன். அந்த வாளை இன்றுவரை விற்கவில்லை. விற்றால் என்ன சொல்லி விற்பது?

09.10.2022, பின்னேரம்

எதைப் பார்த்து நிலைமையைச் சொல்வது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

எல்லாரும் முதலில் அலகை உருவிப் பார்ப்பார்கள். நான் திருகாணியைப் பார்ப்பேன். உறையின் வாயைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியின் தவாளிப்பு கூராக, அழுக்கு நிரம்பியபடி இருந்தால் நெடுங்காலமாக ஒருவரும் கழற்றவில்லை. அதன் உதடு பிய்ந்திருந்தால் ஒருவர் திறந்திருக்கிறார். ஏன் திறந்தார் என்ற கேள்வி அதிலிருந்து தொடங்கும். கறுப்புப் பூச்சு திருகாணித் தலைக்கு மேலும் வழிந்திருந்தால் அது பிறகு பூசியது.

அடுத்தது, அலகு காப்பைச் சந்திக்கிற இடத்தில் இருக்கும் தோல் வட்டு. விரல் நகத்தளவு தடிப்புக்கூட இல்லாத ஒரு துண்டுத் தோல். உறை வந்து மோதும் இடமென்பதால் வருடக் கணக்காக நசிந்து, உறைவாயின் வடிவத்தைத் தன்மேல் வாங்கியிருக்கும். அந்தப் பதிவும் உறைவாயும் பொருந்தாவிட்டால் வாளும் உறையும் வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்துப் பிறகு கலியாணம் கட்டிவைத்த சோடி.

பழைய கார் வாங்கப் போகும்போது கதவில் காந்தம் வைத்துப் பார்ப்போமே, உறைக்கும் அதுதான். நெளிவைப் பசை போட்டு நிரப்பிக் கறுப்பு அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் தளர்ந்து பிடிக்கும். உருக்கு உறையில் மேலிருந்து கீழே காந்தத்தை ஓடவிட்டால் கையே சொல்லும்.

கடைசியாகத்தான் அலகு. யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பிடி. நிக்கல் பூசிய அலகென்றால் பூச்சின் அடியால் கறள் ஊர்ந்து, கொப்பளம் மாதிரி தூக்கி நிற்கும். அதைச் சாண்ட்பேப்பரால் தொட்டால் கறளோடு பூச்சும் போகும், பிறகு அந்த விளிம்பிலிருந்து உரிந்துகொண்டே வரும். பூசாத அலகிலும் சாம்பல் நிறப் படிவு குற்றமில்லை. குழி விழுந்திருக்கிறதா, கரையைப் பிறகு யாரோ தீட்டினார்களா, நுனி வளைந்து நிமிர்த்தியதா என்பவைதான் குற்றங்கள்.

கைபிடியில் பட்டுக் குஞ்சம் இருந்தால் புறவூதா டோர்ச்சைப் பிடித்துப் பார். நூல் நீலமாகப் பளிச்சென்றால் அது போருக்குப் பிந்திய நூல் அல்லது பிந்திய சவர்க்காரத்தில் தோய்ந்தது.

இவ்வளவும் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கும்: எல்லாப் பாகமும் ஒரே வயதைச் சொல்கிறதா? அலகு மட்டும் இளமையாகவும் உறை கிழடாகவும் இருந்தால் நான் பயப்படுவேன். எல்லாம் ஒன்றாகக் கிழடாகியிருந்தால் சந்தோசம்.

11.10.2022

திருத்தம். உறை நுனித் தகடு தொலைந்துபோயிற்று, அதனால் விலை குறையும் என்று தம்பிக்குத் தனிச்செய்தியில் எழுதியிருந்தேன். பிழை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைபிடியில் வெள்ளிக் கம்பி சுற்றவில்லை, வரிவரியான வெறும் கறுப்பு மரம். கம்பி சுற்றியது அதிகாரிகளுடையது, அவர்களின் உறைக்குத்தான் வாயிலும் நுனியிலும் அலங்காரத் தகடு. இது கீழ்நிலைத் தலைவர்களுக்கான வகை. இதன் உறைக்கு நுனித்தகடு ஆரம்பத்திலிருந்தே கிடையாது. ஒன்றும் தொலையவில்லை. இதற்கு எங்கேயாவது நுனித்தகடு வாங்கிப் போட்டால் அதுதான் பிழையாகும்.

நேற்று இதை யோசித்துக்கொண்டே வேலையில் நின்றேன். இல்லாததைக் குறையென்று சொல்லிவிடுவது எவ்வளவு லேசு.

11.10.2022

இன்னொன்று, இது அவசரம். இரண்டாவது படத்தில் அராவின இடத்தில் நாசிகளின் சுவஸ்திகாச் சின்னத்தின் உருவம் மங்கலாகத் தெரிகிறது. அந்தப் படத்தை எடுத்துவிட்டு, சின்னத்தின்மேல் ஒரு துண்டு கடதாசி ஒட்டிப் படம் பிடித்துப் போடு. ஜேர்மன் குற்றவியல் சட்டம் 86அ பிரிவில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு உண்டு என்றாலும் நாங்கள் ஏன் வழக்கறிஞரிடம் போய் நிற்கவேண்டும்? இங்கே விற்பவர்கள் பலரும் அதை மூடித்தான் படம் போடுவார்கள். வாளை வீட்டில் வைத்திருக்க 18 வயது நிரம்பியிருந்தால் போதும். தெருவில் கையில் கொண்டு திரியமுடியாது, பூட்டிய பையில் வைத்துத்தான் கொண்டுபோகவேண்டும்.

14.10.2022

டுசல்டோர்ஃபிலிருந்து ஒரு அண்ணை எழுதியிருக்கிறார்: தன்னிடம் கலைமான் கொம்புக் கைபிடியும் கழுகுத்தலைக் குமிழும் உள்ள பொலிஸ் பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) இருக்கிறது, காப்பில் "எஸ்.டே." என்று குத்தியிருக்கிறது, இது நாசிகளின் எஸ்.எஸ். படையின் உளவுப்பிரிவு ஆயுதம் என்று கடைக்காரர் இரண்டு மடங்கு கேட்டார், நான் கொடுத்துவிட்டேன் என்று.

அண்ணை, மனம் கஷ்டப்படாதேங்கோ. அது ஷுட்ஸ்பொலிட்சை டுசல்டோர்ஃப், அதாவது டுசல்டோர்ஃப் சீருடைப் பொலிஸ். நீங்கள் இருக்கும் ஊர்தான். வைமார் காலத்து, அதாவது ஹிட்லருக்கு முந்திய குடியரசுக் காலத்து, புரூசிய மாநிலப் பொலிஸ் முத்திரை அப்படித்தான்: முதலெழுத்து பொலிஸ் வகை, அடுத்தது ஊர், பிறகு பிரிவு, பிறகு இலக்கம். உளவுப்பிரிவு என்று சொல்லி விற்பது இந்த உலகில் ஆகப் பழைய ஏமாற்று. ஆனால் காப்பிலுள்ள இலக்கமும் உறையிலுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கோ. ஒன்றென்றால் உங்களிடம் பிரியாத சோடி இருக்கிறது. அது அந்தப் பொய்க்கதையைவிட எவ்வளவோ மேல்.

அலகு குட்டையாகத் தெரிந்தால் அதுவும் பழுதில்லை. வைமார் காலத்து நீள அலகுகள் பலவற்றை 1936க்குப் பிறகு வெட்டிக் குறுக்கி, கைபிடியில் புதிய கழுகைப் பதித்து மறுபடி கொடுத்தார்கள். ஒரே ஆயுதத்தில் இரண்டு அரசாங்கம்.

20.10.2022

தம்பி ஐயாவின் மகளோடு கதைத்திருக்கிறார். வாள் ஐயாவுடையது அல்ல, ஐயாவின் அப்பாவுடையது. அவர் 1930களில் பொலிஸில் இருந்தவர். அதற்குமேல் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லையாம்.

இதைப் படித்த பிறகு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. எழுதியே ஆகவேண்டும்.

1936 ஜூன் 17இல் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் ஜேர்மன் பொலிஸ் முழுவதற்கும் தலைவரானார். அதுவரை மாநிலம் மாநிலமாக இருந்த பொலிஸ் ஒரே கைக்குள் போனது. இந்த நேர்வாளும் இந்தக் கழுகும் அதன் பிள்ளைகள். சீருடைப் பொலிஸுக்குத் தலைவராக இருந்த குர்ட் டாலூகேயை 1946 ஒக்டோபரில் பிராகாவில் தூக்கிலிட்டார்கள். போர்க்காலத்தில் அந்தப் பொலிஸ் படையணிகள் என்ன செய்தன என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. கொலோனிலிருந்து போன 309ஆம் படையணி 1941 ஜூன் 27இல் போலந்தின் பியாவிஸ்தொக்கில் நூற்றுக்கணக்கான யூதர்களைத் தொழுகைக்கூடத்துக்குள் அடைத்து உயிரோடு எரித்தது. அந்த வழக்கு நடந்தது வூப்பர்டால் நீதிமன்றத்தில், 1967-68இல். தம்பி வேலைக்குப் போகும் அதே நகரம்.

வாள் அணிவகுப்புக்கும் படத்துக்கும் கட்டியது. கொலை துப்பாக்கியாலும் நெருப்பாலும் நடந்தது. ஆனாலும் கட்டிய இடுப்பு ஒன்றுதானே. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற ஊரிலிருந்து வந்தவன் நான். இப்படியொரு பொருளை ஏன் கையில் எடுக்கிறேன் என்று மனைவி கேட்டிருக்கிறாள். எடுத்துப் பார்க்காவிட்டால் இது அலங்காரச் சாமானாகிச் சுவரில் தொங்கும். இதன் கதையோடு சேர்த்து வைத்திருக்க ஒருவர் வேண்டும். இதுதான் நான் அவளுக்குச் சொன்ன பதில், இன்றும் அதுதான்.

அராவிய இடத்துக்கு வருகிறேன். சந்தையில் இது பெரிய குறை. முழுச் சின்னம் உள்ளதற்கு முதல்தர விலை, அராவியதற்கு அதிலிருந்து நன்றாகக் குறைப்பார்கள். புதிய கழுகு வாங்கிப் பதிக்கச் சொல்லி யோசனை சொல்பவர்களும் உண்டு. தம்பி, அதைச் செய்யாதே. 1945க்குப் பிறகு ஒருவர் அரத்தை எடுத்து அதை அழித்திருக்கிறார். வாளின் வாழ்க்கையில் நடந்த முக்கியமான காரியம் அதுதான்.

21.10.2022

நேற்று எழுதியதில் ஒரு அவசரம் இருக்கிறது. 1945க்குப் பிறகு ஒருவர் அழித்தார் என்று நான் முடிவாகவே சொல்லிவிட்டேன். எப்படித் தெரியும்? போன வருடம் ஒருவர் ஏலத்தில் விற்கிறதுக்காகச் சட்டத்துக்குப் பயந்து அராவியிருக்கலாம். பேரப்பிள்ளை வெட்கத்தில் செய்திருக்கலாம்.

பூதக்கண்ணாடியால் அரக்கீறல்களின் அடியைப் பார். கீறலுக்குள்ளே பளபளப்பு இருந்தால் கிட்டடியில் நடந்தது. பக்கத்து மேற்பரப்பில் உள்ள அதே மங்கலும் அழுக்கும் கீறலுக்குள்ளும் இருந்தால் பழையது. அதுவும் எத்தனை வருடம் என்று சொல்லாது. பழையது, அவ்வளவுதான்.

02.11.2022

லீவு நாள். 683ஆம் இலக்க மின்கம்பி பஸ்ஸில் வூப்பர்டாலின் ஃபோவிங்கெலிலிருந்து, வாள் கத்தி செய்யும் சோலிங்கன் நகரத்தின் கிரேஃப்ராட்டுக்குப் போய் வந்தேன். சோலிங்கன் கத்தி அருங்காட்சியகம் அங்கே பழைய மடத்துக் கட்டிடத்தில் இருக்கிறது. இந்த வாள்களில் மினுக்கம் எப்படியிருந்தது என்று தெரியவேண்டுமானால் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கும் அலகுகளை ஒருதரம் பார்க்கவேண்டும். எங்கள் சாண்ட்பேப்பர் மினுக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை. சோலிங்கன் தீட்டுநர்கள் வூப்பர் ஆற்றங்கரைத் தண்ணீர்ச் சக்கரக் குடில்களில் கல் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டுச் செத்தவர்கள். ஒரு அலகின் முகத்தில் அவர்களுடைய கைக்கோடு இருக்கிறது. அதை ஒரு பின்னேரத்தில் அழிக்க எனக்கு என்ன உரிமை?

செய்த அலகுகளைக் கூடையில் அடுக்கித் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்த பெண்களும் இருந்தார்கள், லீஃபர்ஃப்ராவன் என்று சொல்வார்கள். படத்தைப் பார்த்ததும் சும்மாடு வைத்துக் கடகம் தூக்கிய அம்மம்மாதான் நினைவில் வந்தா.

செய்தவர் முத்திரை பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எல்லாம் சோலிங்கன் கம்பனிகள்தான். அணில் என்றால் ஐக்ஹோர்ன். தலைக்கவசம் போட்ட வீரன் தலை என்றால் வே.கா.சே. தராசு என்றால் கொப்பல். வெப்பமானி என்றால் ஹொல்லர். நண்டு என்றால் கிரெப்ஸ், அந்தச் சொல்லுக்கே பொருள் நண்டுதான். என்னிடம் கிரெப்ஸ் பயனெட் ஒன்று இருக்கிறது, சின்ன மகள் அதற்கு நண்டுக்கத்தி என்று பெயர் வைத்திருக்கிறாள். முத்திரை இருந்தால் மட்டும் உண்மை என்று நினைக்கவேண்டாம். போருக்குப் பிறகு மிஞ்சிய உண்மையான பாகங்களைப் பூட்டி நேசநாட்டுப் படையினருக்கு நினைவுப்பொருளாக விற்றதும் உண்டு. அதனால்தான் திரும்பத் திரும்பத் தோல் வட்டையும் திருகாணியையும் பார் என்கிறேன்.

05.11.2022

தரம் பற்றி. இங்கே வியாபாரிகள் "ட்சூஷ்டாண்ட்" (நிலைமை) என்று இலக்கம் போடுவார்கள். 1 என்றால் புதிது போல, 4 என்றால் உடைந்தது. நடுவில் 2+, 2-, 2-3 என்றெல்லாம் இழுப்பார்கள். விற்பவரின் 2 எப்போதும் வாங்குபவரின் 3. படத்தைக் கேளுங்கள், இலக்கத்தைக் கேட்கவேண்டாம். "சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தால் எதனால், எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விடுங்கள்.

19.11.2022

இன்று தம்பி வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் வெள்ளைத் துவாயை விரித்து, மேசை விளக்கைச் சரித்து வைத்து இரண்டு மணித்தியாலம் பார்த்தோம்.

தோல் வட்டு இருக்கிறது. கறுத்துக் கல் மாதிரி இறுகி, உறைவாயின் வளைவு ஒரு பக்கத்தில் ஆழமாகவும் மறுபக்கத்தில் மெல்லியதாகவும் பதிந்திருந்தது. உறையைப் போட்டுப் பார்த்தோம், ஆழமான பக்கம் சரியாக வந்து உட்கார்ந்தது. திருகாணி தொட்டதேயில்லை. காந்தம் உறை முழுக்க ஒரே மாதிரிப் பிடித்தது. உறையின் கீழ்ப்பாதியில், பின்பக்கம் மட்டும், உள்ளங்கை நீளத்துக்குக் கறுப்புத் தேய்ந்து உருக்கு தெரிகிறது. இடுப்பில் கட்டி நடந்தால் சப்பாத்தோ காற்சட்டை மடிப்போ உரசும் இடம். பொய்யாகத் தேய்ப்பவர் இரண்டு பக்கமும் தேய்த்திருப்பார்.

அரக்கீறல்களின் அடி கறுப்பு. பழையது.

கறளுக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து, நுனியைச் சீவி, பாலிஸ்டோல் எண்ணெயில் தோய்த்து, சிவப்புப் பொடியாக நின்ற கறளை மட்டும் மெல்ல மெல்லத் தள்ளினோம். ஈர்க்கு உருக்கைவிட மெது, அலகைக் கீறாது. கபிலமும் கறுப்புமாக இறுகிப்போனதை விட்டுவிட்டோம், அது இனி ஓடாது. ஒரு மணித்தியாலத்தில் ஒரு விரலளவு இடம். காப்புக்குக் கிட்ட அழுக்கைத் துடைக்கும்போது இரண்டு கொடுக்குகள் தெரிந்தன. தம்பி "அண்ணை, நண்டு" என்று கத்தினார். கிரெப்ஸ்.

மினுக்கினால் விலை கூடும் என்ற மச்சானுக்குப் பதில்: இந்த நிலையில் இதை 2-3 என்று சொல்வேன். மினுக்கியிருந்தால் நண்டின் கால்கள் போயிருக்கும்.

08.01.2023

எங்கே வைப்பது என்று தம்பி கேட்டிருந்தார், பதில் பிந்திவிட்டது.

நிலவறையில் வேண்டாம். அது கிடந்த கதியே அதனால்தான். ஹைசுங்குக்கு (வீட்டுச் சூடாக்கிக்கு) மேலும் வேண்டாம், கைபிடி மரம் வெடிக்கும். அலுமாரியின் நடுத்தட்டில், படுக்க வைத்து, பருத்தித் துணியில் சுற்றி. உருக்கு உறைக்குள்ளே வைக்கலாம், உறையின் உட்புறம் காய்ந்திருந்தால். தோல் உறை உள்ளவர்கள் வாளை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து அலகைத் தின்னும், காய்ந்தால் சுருங்கித் தையலைப் பிரிக்கும். எண்ணெய் சொட்டக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் துடைத்துப் புதிதாக ஒரு மெல்லிய பூச்சு. ரெனசான்ஸ் வாக்ஸ் என்ற மெழுகு கிடைத்தால் அது இன்னும் நல்லது.

ஐயாவின் மகளிடம் அந்த அப்பாவின் முழுப்பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டு எழுதி வை. அவ சம்மதித்தால் டுயிஸ்பேர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் போடலாம், கடிதத்துக்கு நான் உதவுகிறேன். சம்மதிக்காவிட்டால் கேட்ட திகதியையும் அவ சொன்னதையும் மட்டும் ஒரு கடதாசியில் பென்சிலால் எழுதி வாளோடு வை. வாளில் ஒட்டாதே, துணிக்கு வெளியே கட்டு.

நான் என்னுடைய பித்தளை வாளுக்கும் நேற்று ஒன்று எழுதிக் கட்டினேன். "காப்பின் அடியில் முத்திரை இருந்தது. புளி போட்டு நான் தேய்த்தேன். மிச்சம் ஒரு புள்ளி, ஒரு கோடு."